போமன் பேஸ்பால் பெட்டியைப் பிரிப்பது எப்படி: ப்ராஸ்பெக்ட் கார்டு சேகரிப்போருக்கு முழுமையான வழிகாட்டி

போமன் என்ற பேஸ்பால் கார்டு வரிசையின் பாக்கெட்டை முதன்முறையாகப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஷோஹெய் ஒட்டானி, ஆரன் ஜட்ஜ் என்று தெரிந்த பெயர் வந்ததும் கண் அங்கேயே நின்றுவிடும். மேஜர் லீகுக்குக் கீழ்நிலையான மைனர் லீகில் இருக்கும் பதினெட்டு வயதுப் பையனின் (இப்படி வளர்ந்துவரும் வீரரைத்தான் ப்ராஸ்பெக்ட் என்பார்கள்) குரோம் கார்டு, அதாவது பளபளக்கும் படலம் உள்ள கார்டு, பெயர் பழக்கமில்லாததால், உறைகூட இல்லாமல் குவியலுக்கு அடியில் போய்விடும். இந்தப் பெட்டிக்குக் கொடுத்த காசு திரும்பி வருவதானால் அந்தப் பையன் வழியாகத்தான் வரும். அதனால் வேலையின் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்வது, பிறகு பிரிப்பது, உடனே உறையில் போடுவது, எல்லாம் முடிந்த பிறகே மதிப்புப் பார்ப்பது.

கணக்குக்காக இங்கே எடுத்துக்கொண்டது டாப்ஸ் வெளியிடும் போமன் ஜம்போ பெட்டி: 12 பாக்கெட், பாக்கெட்டுக்கு 32 கார்டு, ஆக 384 கார்டு. பெட்டிக்கு 3 கையெழுத்துக் கார்டு உறுதி. சிறிய பெட்டிக்கும் படிகள் இவையே. பொருள்களின் அளவை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தப் பெட்டி என்பதை முதலில் தீர்மானியுங்கள்

போமன் என்ற பெயரில் ஆண்டுக்குப் பல வெளியீடுகள் வருகின்றன. ப்ராஸ்பெக்ட் சேகரிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. ஆண்டின் முற்பாதியில் வரும் ‘போமன்’, பிற்பாதியில் வரும் ‘போமன் குரோம்’, ஆண்டுக் கடைசியை ஒட்டி வரும் ‘போமன் டிராஃப்ட்’. ஜூலை மாத டிராஃப்டில், அதாவது புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்த கல்லூரி, உயர்நிலைப் பள்ளி வீரர்கள் டிராஃப்ட் பெட்டியில் வருவார்கள். டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா போன்ற நாடுகளிலிருந்து நேரடி ஒப்பந்தத்தில் வரும் இளைஞர்களைத் தேடுபவர்களுக்கு மற்ற இரண்டும்தான் வழி. டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவனைத் தேடிக்கொண்டு வசந்தகாலப் போமன் பெட்டியை வாங்குவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

அடுத்தது பெட்டியின் வகை. ஹாபி, ஜம்போ இரண்டும் கார்டுக் கடைகளுக்கான பெட்டிகள். கையெழுத்துக் கார்டு உறுதி என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். பல்பொருள் அங்காடியில் கிடைக்கும் பிளாஸ்டர் பெட்டியில் அந்த உறுதி பொதுவாக இருக்காது. மெகா பெட்டியில் ‘மோஜோ’ என்ற தனி மினுமினுப்புள்ள குரோம் கார்டுகள் இருக்கும். ஹாபி பெட்டியில் எத்தனை பாக்கெட், பாக்கெட்டில் எத்தனை கார்டு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. போன வருடக் கணக்கை நம்பாமல், வாங்கப் போகும் பெட்டியின் பக்கவாட்டைப் படியுங்கள்.

உதிரி பாக்கெட் வாங்க வேண்டாம். பெட்டிக்கு ஒரு கையெழுத்துதான் உறுதி என்றால், அது கிடைத்தவரால் மிச்சப் பாக்கெட்டுகளை உதிரியாக விற்க முடியும். உங்கள் கைக்கு வருவது எந்த வகைப் பாக்கெட் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

2. செக்லிஸ்ட்டை அச்செடுத்து, பெயர்களைக் குறியுங்கள்

எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. உண்மையில் மிக அதிகப் பலன் தருவதும் இதுதான். டாப்ஸ் தன் இணையதளத்தில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் செக்லிஸ்ட் எனப்படும் முழுக் கார்டுப் பட்டியலைத் தருகிறது. அதை அச்செடுத்து மூன்று வேலை செய்யுங்கள்.

முதலில், ‘ஃபர்ஸ்ட் போமன்’ முத்திரை யாருக்கெல்லாம் என்று குறியுங்கள். ஒரு வீரர் போமன் கார்டில் முதன்முதலாக வரும்போது மட்டும் முன்பக்கத்தில் இந்த முத்திரை இருக்கும். அதே வீரரின் அடுத்த ஆண்டுக் கார்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் விலை குறைவு.

இரண்டாவதாக, குறித்தவர்களில் யாருக்குக் கையெழுத்துக் கார்டும் இருக்கிறது என்று பாருங்கள். சிலருக்கு ஒரு வெளியீட்டில் சாதாரண ஃபர்ஸ்ட் கார்டு மட்டும் வரும், கையெழுத்து பிறகு வேறொரு வெளியீட்டில் வரும். இல்லாத கார்டைத் தேடிப் பெட்டி மேல் பெட்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவதாக, இளம் வீரர்களைத் தரவரிசைப்படுத்தும் எம்.எல்.பி. பைப்லைன், பேஸ்பால் அமெரிக்கா இரண்டின் முதல் 100 ப்ராஸ்பெக்ட் பட்டியல்களோடு ஒப்பிட்டு, இருபது இருபத்தைந்து பெயரை மஞ்சள் மை போட்டு வையுங்கள். பிரிக்கும்போது இந்தத் தாள் மேசைமேல் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். ஃபர்ஸ்ட் போமன் வேறு, ரூக்கி கார்டு வேறு. ரூக்கி முத்திரை மேஜர் லீகில் ஆடத் தொடங்கியவர்களுக்கு மட்டுமே. ஜட்ஜை நியூயார்க் யாங்கீஸ் அணி 2013 டிராஃப்டில் எடுத்தது; போமனில் அவருடைய முதல் குரோம் கையெழுத்து அந்த ஆண்டே வந்துவிட்டது. மேஜர் லீகில் அவர் இறங்கியது 2016 ஆகஸ்டில், ரூக்கி கார்டுகள் 2017-இல். ப்ராஸ்பெக்ட் சேகரிப்பவருக்கு 2013 கார்டுதான் முக்கியம். போமன் பெட்டியில் ரூக்கி முத்திரை உள்ள கார்டுகளும் கலந்தே வரும் என்பதால் புதியவர்கள் அதைப் பத்திரப்படுத்தி ஃபர்ஸ்ட் கார்டை ஒதுக்கிவிடுகிறார்கள்.

3. பின்பக்க எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

கார்டின் வகையைச் சொல்வது பின்பக்க எண்ணின் முன்னொட்டுதான். வெறும் எண், அதாவது 1 முதல் 100 வரை இருந்தால், மேஜர் லீக் வீரர் அல்லது ரூக்கி. ‘பி.பி.’ என்று தொடங்கினால் பேப்பர் (குரோம் படலம் இல்லாத சாதாரண அட்டை) ப்ராஸ்பெக்ட். ‘பி.சி.பி.’ என்றால் குரோம் ப்ராஸ்பெக்ட். ‘சி.பி.ஏ.’ என்றால் குரோம் ப்ராஸ்பெக்ட் கையெழுத்து. டிராஃப்ட் பெட்டியில் ‘பி.டி.’ பேப்பர், ‘பி.டி.சி.’ குரோம், ‘சி.டி.ஏ.’ கையெழுத்து.

இதைப் பழகாவிட்டால் நடக்கும் தவறு என்னவென்றால், நீல விளிம்புள்ள பேப்பர் கார்டை நீல ரிஃப்ராக்டர் (வானவில்லாக மின்னும் குரோம் வகை) என்று நினைத்துக்கொள்வது. இரண்டிலும் மொத்தப் பிரதிகளைக் குறிக்கும் 150 என்ற எண் அச்சாகியிருக்கலாம். விலையில் பல மடங்கு வித்தியாசம். சாய்த்துப் பார்த்தால் குரோம் கார்டில் வானவில் ஓடும், பேப்பரில் ஓடாது. சந்தேகம் வந்தால் முன்னொட்டே முடிவு.

வண்ணங்களின் வரிசையையும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். குரோமில் சாதாரண ரிஃப்ராக்டர் 499 பிரதி, ஊதா 250, நீலம் 150, பச்சை 99, தங்கம் 50, ஆரஞ்சு 25, சிவப்பு 5, சூப்பர்ஃப்ராக்டர் ஒன்றே ஒன்று. இடையிடையே ஆண்டுக்கு ஆண்டு புது வண்ணங்கள் சேரும். இந்த முதுகெலும்பு மாறுவது அரிது.

4. பாக்கெட்டில் அச்சிட்ட வாய்ப்புக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

‘1:24’ என்றால் 24 பாக்கெட்டில் ஒன்று கட்டாயம் என்று அர்த்தமில்லை. மொத்த உற்பத்தியின் சராசரி அது. குருட்டு அதிர்ஷ்டமாகவே எடுத்துக்கொண்டால், 24 பாக்கெட் பிரித்து ஒன்றாவது கிடைக்க வாய்ப்பு ஏறக்குறைய 64 சதவீதம். மூன்றில் ஒருவருக்குக் கிடைக்காது. உறுதி என்பது ‘பெட்டிக்கு இத்தனை’ என்று அச்சிட்டிருப்பதற்கு மட்டும்தான். ஹாபிக்கும் ஜம்போவுக்கும் பிளாஸ்டருக்கும் வாய்ப்புக் கணக்கு தனித்தனி என்பதையும் மறக்கக் கூடாது.

குறிப்பிட்ட ஒரே வீரரின் கார்டு வேண்டுமென்றால் பெட்டி வாங்காமல் அந்தக் கார்டையே வாங்குங்கள். அதுவும் வெளியான முதல் வாரத்தில் வேண்டாம். எல்லாரும் பிரித்து முடித்துச் சந்தையில் கார்டு குவியும்போது விலை பெரும்பாலும் இறங்கும்.

5. பொருள்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்

பிரித்த பிறகு உறை தேடி ஓடுவதுதான் முனை மடங்குவதற்குப் பெரிய காரணம். ஒரு ஜம்போ பெட்டிக்கு இவை போதும்: பென்னி ஸ்லீவ் (மெல்லிய பிளாஸ்டிக் உறை) 200, 35 பாயின்ட் டாப்லோடர் (கெட்டியான பிளாஸ்டிக் உறை; பாயின்ட் என்பது தடிமன் அளவு) 25, செமி ரிஜிட் உறை (பாதிக் கெட்டியானது) 10, 35 பாயின்ட் காந்த உறை 2, 800 கார்டு கொள்ளும் அட்டைப்பெட்டி ஒன்று. 384 கார்டுக்கு 400 பெட்டி போதாதா என்றால், போதாது. உறையில் போட்ட கார்டு அதிக இடம் பிடிக்கும். திணித்தால் ஓரம் நசுங்கும்.

மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, நீல நிற பெயின்டர் டேப், பத்து மடங்கு காட்டும் லென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், வளைத்துத் திருப்பக்கூடிய மேசை விளக்கு ஆகியவையும் வேண்டும். சாதாரண செல்லோடேப்பை டாப்லோடரில் ஒட்டக் கூடாது. பசை வழிந்து, வெளியே எடுக்கும்போது கார்டில் படும். டாப்லோடர் புதிதாக இருந்தாலும் உள்ளே பிளாஸ்டிக் துகள் இருக்கும். ஒவ்வொன்றையும் கவிழ்த்துத் தட்டிவிட்டு வையுங்கள். அந்தத் துகள்தான் குரோம் முகத்தில் கீறல் போடும்.

6. சீலைச் சோதித்து, மேசையைத் தயார் செய்யுங்கள்

பெட்டியின் பிளாஸ்டிக் சுற்று எல்லாப் பக்கமும் இறுக்கமாக, ஒரே மாதிரி மடிப்போடு இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கெட்டின் மேல் கீழ் ஓரங்களில் உள்ள பல் போன்ற அழுத்தக்கோடு சீராக இருக்க வேண்டும். ஓரத்தில் பசைப் பளபளப்போ இரண்டாவது அழுத்தக்கோடோ தெரிந்தால் பிரிக்காமல் நிறுத்தி, படம் எடுத்து, விற்றவரிடம் கேளுங்கள். பிரித்துவிட்டால் பிறகு பேச்சே இல்லை.

விலை உயர்ந்த பெட்டி என்றால் சுற்றைக் கிழிப்பதிலிருந்து கடைசிப் பாக்கெட் வரை வெட்டாமல் வீடியோ எடுங்கள். கையெழுத்து ஒன்று குறைந்தால் அதுவே சாட்சி. பெட்டி, பாக்கெட் உறைகள், ரசீது எதையும் எண்ணி முடிக்கும்வரை எறியக் கூடாது; புகார் கொடுக்கும்போது அவற்றைக் கேட்பார்கள்.

மேசையில் துணி விரியுங்கள். தண்ணீர், காபி வேறு அறையில். கையைக் கழுவி நன்றாகத் துடைத்து, பத்து நிமிடம் விட்டுத் தொடங்குங்கள். லோஷன், எண்ணெய் தடவிய கையால் குரோமைத் தொட்டால் ரேகை பதிந்து நிற்கும். மேசைக்கு நேர் மேலே மின்விசிறி ஓடினால் அணைத்துவிடுங்கள். உறையில்லாத கார்டு ஒன்று பறந்து தரையில் விழுந்தால் நான்கு முனையில் ஏதாவது ஒன்று போயிற்று.

7. பாக்கெட்டைப் பிரித்தல்

பாக்கெட்டை நிமிர்த்திப் பிடித்து, கார்டுகள் அடிப்பக்கம் இறங்கும்படி துணிமேல் மெல்லத் தட்டுங்கள். மேல் ஓரத்தின் இரண்டு பக்கத்தையும் விரல்களால் பிடித்து எதிரெதிராக இழுத்துத் திறக்க வேண்டும். குறுக்கே கிழிக்க வேண்டாம், கத்தரி கூடவே கூடாது.

ஜம்போ பாக்கெட்டில் 32 கார்டு இறுக்கமாக இருக்கும். மேலே மட்டும் திறந்து கார்டை உருவினால் முதல் கார்டும் கடைசிக் கார்டும் உறையில் உரசி முனை மடங்கும். அதனால் மேலே திறந்த பிறகு பின்பக்க நீள ஒட்டையும் முழுதாகப் பிரித்து, உறையை விரித்து, அடுக்கை மொத்தமாக வெளியே எடுங்கள். பாக்கெட்டுக்கு அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அடுக்கைக் கையில் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது சீட்டாடும் பழக்கம். குரோம் முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று உரசினால் நுண்ணிய கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாது, கார்டின் நிலைக்கு மதிப்பெண் போடும் கிரேடிங் நிறுவனத்தின் விளக்குக்குத் தெரியும். மேல் கார்டை ஓரங்களில் பிடித்து நேராகத் தூக்கி எடுங்கள். இரண்டு குரோம் ஒட்டிக்கொண்டிருந்தால் நகத்தை நுழைக்காதீர்கள். ஓரங்களைப் பிடித்து மிக லேசாக வளைத்தால் தானாக விடும்.

ஒரு பாக்கெட்டை முழுதாக முடித்துவிட்டே அடுத்ததைத் தொடுங்கள். பன்னிரண்டையும் பிரித்துக் குவித்தால் 384 கார்டு உறையில்லாமல் கிடக்கும்.

8. ஐந்து குவியல், உடனே உறை

முதல் சுற்றில் மதிப்புப் பார்க்காமல் வகை மட்டும் பாருங்கள். மேஜர் லீக் பேப்பர் ஒரு குவியல், ப்ராஸ்பெக்ட் பேப்பர் இரண்டாவது, குரோம் மூன்றாவது, வண்ணமோ பிரதி எண்ணோ உள்ளவை நான்காவது, கையெழுத்து ஐந்தாவது. கைபேசியில் விலை தேடத் தொடங்கினால் கவனம் சிதறி, கை தவறும். விலை அரை மணி நேரத்தில் ஓடிவிடாது.

உறை போடுவது தலைகீழ் வரிசையில்: கையெழுத்து, எண் உள்ளவை, பிறகு குரோம் எல்லாமே. குரோமில் பெயர் தெரிந்தவர், தெரியாதவர் என்று பிரிக்காதீர்கள். பேப்பரில் மஞ்சள் மை பெயர்களுக்கு மட்டும் போதும்.

ஸ்லீவின் வாயை இரண்டு விரலால் அழுத்தி விரித்து, கார்டின் ஒரு முனையை முதலில் சாய்வாக நுழைத்து, பிறகு மறு முனையை இறக்குங்கள். நேராகத் தள்ளினால் இரண்டு முனையும் ஸ்லீவின் விளிம்பில் முட்டும். ஸ்லீவ் இல்லாமல் டாப்லோடரில் போடவே கூடாது. போட்ட பிறகு மேல் வாயில் பெயின்டர் டேப்பை ஒட்டி, நுனியை மடித்துவிட்டால் எடுக்கும்போது பிடிக்க வசதி.

போமன் குரோம் ப்ராஸ்பெக்ட் கையெழுத்துகள் வீரர் கார்டின்மேல் நேரடியாகப் போட்டவை. மை குரோம் முகத்தின் மேலேதான் நிற்கிறது. தூசி தெரிந்தாலும் கையெழுத்தின்மேல் துணி படக் கூடாது.

9. இரண்டாவது சுற்று: கண்ணுக்குத் தப்பியவை

இப்போதுதான் நிதானமாக உட்கார வேண்டும். ஒவ்வொரு குரோம் கார்டையும் உறையோடு எடுத்து ஃபர்ஸ்ட் முத்திரை, செக்லிஸ்ட் பெயர், முன்னொட்டு மூன்றையும் பாருங்கள். பிரதி எண் சின்னதாக ஃபாயிலில் அச்சாகியிருக்கும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் தேடுங்கள். எண் இல்லாத சிறப்பு மினுமினுப்புகளும் உண்டு. சாதாரண குரோம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒரே விளக்கில் சாய்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

படம் மாறிய அரிய கார்டுகளும் வரும். ஒரே வீரர், ஒரே எண், படம் மட்டும் வேறு. பின்பக்கத்தின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு உற்பத்திக் குறியீடு இருக்கும். மற்ற சாதாரணக் கார்டுகளின் குறியீட்டோடு அதன் கடைசி இலக்கங்கள் ஒத்துப்போகாவிட்டால் அது வேறு வகை. லென்ஸ் வாங்கச் சொன்னது முக்கியமாக இதற்குத்தான்.

கையெழுத்துக்குப் பதில் ரிடெம்ப்ஷன் கார்டு (அசல் கார்டைப் பிறகு பெற்றுக்கொள்வதற்கான சீட்டு) வந்தால், அதில் காலாவதித் தேதியைப் பார்த்து அன்றே குறித்துக்கொள்ளுங்கள். நீங்களே கார்டைப் பெறப் போவதானால் மட்டும் குறியீட்டைச் சுரண்டுங்கள். சுரண்டிய ரிடெம்ப்ஷனை யாரும் நம்பி வாங்க மாட்டார்கள்.

10. நிலையைச் சோதித்து, எதைக் கிரேடிங்குக்கு அனுப்புவது என்று முடிவெடுங்கள்

விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்து, கார்டை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மேலிருந்து கீழாக நேர்கோடு ஓடினால் அது ஆலையில் விழுந்த அச்சுக்கோடு, துடைத்தால் போகாது. முனைகளைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வெள்ளைப் புள்ளி சீக்கிரம் தெரியும்.

மையம் பார்க்க அளவுகோல் வேண்டும். இடது ஓரம் 2.2 மி.மீ., வலது 1.8 மி.மீ. என்றால் மொத்தம் 4, 2.2-ஐ 4-ஆல் வகுத்தால் 55 சதவீதம். ஆக 55-45. முன்பக்கத்தில் அதைத் தாண்டினால் கிரேடிங்கின் உச்ச மதிப்பெண்ணான 10 எதிர்பார்க்க வேண்டாம்.

அனுப்புவதா என்பதற்கு ஒரே கணக்குப் போதும். 10 கிடைத்தால் என்ன விலை என்று எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் 9 கிடைத்தால் என்ன என்று பாருங்கள். 9-க்கு விற்கும் விலையில் கிரேடிங் கட்டணமும் தபால் செலவும் கழித்தால் கிரேட் இல்லாத கார்டின் விலைக்குக் கீழே வருகிறதா? அப்படியானால் அந்தக் கார்டில் ஒரு குறைகூட கண்ணில் படாதபோது மட்டும் அனுப்பலாம். விலை பார்க்கும்போது இபேயில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். கிரேடிங் நிறுவனமான பி.எஸ்.ஏ.-வுக்கு அனுப்பும்போது பென்னி ஸ்லீவும் செமி ரிஜிட்டும் போதும், டாப்லோடர் வேண்டாம்.

11. வளையாமல் பாதுகாத்தல், தேடி எடுக்கும்படி அடுக்குதல்

குரோம் கார்டு வளைவதற்குக் காரணம் ஈரப்பதம். அட்டை ஈரத்தை உறிஞ்சி விரியும், மேலுள்ள படலம் விரியாது. ஈரம் ஏறி இறங்கும் கேரேஜும் அடித்தளமும் கார்டுக்கு ஆகாத இடங்கள். சென்னை, சிங்கப்பூர் போன்ற ஊர்களில் வைத்திருப்பவர்கள் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரத்தை 49 சதவீதத்தில் நிறுத்தும் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைப்பது நல்லது. வளைந்ததை நிமிர்த்தப் புத்தகத்தை ஏற்றி அழுத்தாதீர்கள். ஸ்லீவும் டாப்லோடரும் போட்டு, ஈரம் சீரான இடத்தில் சில வாரம் விட்டால் பெரும்பாலும் நிமிரும்.

அடுக்கும்போது மேஜர் லீக் பேப்பரை எண் வரிசையில் வையுங்கள், 100 கார்டுத் தொகுப்பு சேர்க்க உதவும். குரோம் ப்ராஸ்பெக்டுகளை வீரரின் குடும்பப் பெயர் வரிசையில் அடுக்கி, ஆண்டு, எண், வண்ணம், நிலை நான்கையும் ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். இந்தப் பெயர்களில் பெரும்பாலானோர் மேஜர் லீகை எட்டவே மாட்டார்கள். எட்டப் போகிறவன் யார் என்று இன்று தெரியாது. மைனர் லீக் சீசன் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நடக்கும். மாதம் ஒருமுறை புதுப்பித்த ப்ராஸ்பெக்ட் பட்டியலை விரிதாளில் ஓட்டிப் பாருங்கள். மைனர் லீகின் ஒரு நிலையான டபுள்-ஏ அணியில் திடீரென்று ஒருவனுடைய பெயர் அடிபடத் தொடங்கினால், அவனுடைய ஃபர்ஸ்ட் குரோம் இரண்டு நிமிடத்தில் கையில் கிடைக்க வேண்டும்.